மருத்துவக் கட்டணத்தை முன்கூட்டியே அறியும் உரிமை

ஒரு காலத்தில், தோட்டப்புறத்தில் ஒருவருக்குக் காய்ச்சல் கண்டால் எங்குச் செல்வது என்ற கேள்வியே எழுந்ததில்லை. பல தோட்டங்களில் சிறு மருத்துவமனை ஒன்று இருந்தது. அங்கு, மக்கள் ‘டிரசர்’ என்று அழைத்த மருத்துவ உதவியாளர் இருந்தார். காயத்துக்குக் கட்டுப்போடுவதும் காய்ச்சலுக்கு மருந்து கொடுப்பதும் அவர் பணி. ஆங்கிலேயர் ஆட்சிக்காலத் தொழிலாளர் சட்டங்கள் அவ்வசதியைச் செய்து தரும் பொறுப்பைத் தோட்ட நிர்வாகத்தின்மீது சுமத்தியிருந்தன. விடுதலைக்குப் பின் இயற்றப்பட்ட சட்டங்களும் அப்பொறுப்பை வலியுறுத்தின. அந்த மருத்துவத்தில் குறைகள் பல இருந்தன. ஆயினும், ‘இதற்கு எவ்வளவு பணம் கேட்பார்களோ’ என்னும் அச்சம் பால்வெட்டுத் தொழிலாளியின் மனத்தில் பெரும்பாலும் இருந்ததில்லை.

இன்று நிலைமை மாறிவிட்டது. நெகிரி செம்பிலான் மாநிலத்தின் போர்ட்டிக்சன் மாவட்டத்தில் உள்ள சுவா வட்டாரமும் இம்மாற்றத்துக்கு விலக்கன்று. ரப்பர் மரங்கள் நின்ற இடங்களில் செம்பனை வளர்ந்தது. இளையோர் வேலை தேடி நகரங்களுக்குச் சென்றனர். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் பலர் வீடமைப்புப் பகுதிகளில் குடியேறினர். மருத்துவம் தேடிச் செல்லும் இடங்களும் பெருகின. அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்குகள், லுக்குட்டிலும் போர்ட்டிக்சனிலும் உள்ள தனியார் கிளினிக்குகள், போர்ட்டிக்சன் மருத்துவமனை, சிரம்பானில் உள்ள துவாங்கு ஜாஃபார் மருத்துவமனை, அந்நகரத்தின் தனியார் மருத்துவமனைகள் எனப் பல வாசல்கள் திறந்திருக்கின்றன. ஆனால், எந்த வாசலில் நுழைந்தால் எவ்வளவு செலவாகும் என்பது மட்டும் வெளியில் நிற்பவருக்குத் தெரிவதில்லை.

இந்தக் குறையைப் போக்கத் திறன்பேசிச் செயலிகள் உதவும் என்னும் எதிர்பார்ப்பு வளர்ந்து வருகிறது. மருத்துவரைத் தேடிச் சந்திப்பு நேரத்தைப் பதிவு செய்யும் ‘புக்டாக்’ என்னும் செயலி 2015ஆம் ஆண்டில் நம் நாட்டில் தொடங்கப்பட்டது. கோவிட்-19 பெருந்தொற்றின்போது, 2020ஆம் ஆண்டில் அறிமுகமான ‘மைசெஜாத்ரா’ செயலி கோடிக்கணக்கான மலேசியரின் கைகளுக்குச் சென்றது. சில நாடுகளில் இதற்கும் ஒருபடி மேலே சென்று, ஒரே சிகிச்சைக்குப் பல மருத்துவமனைகள் பெறும் கட்டணத்தை அருகருகே ஒப்பிட்டுக் காட்டும் கருவிகளும் உள்ளன. இத்தகைய கருவி மலேசியருக்கும் தேவை. குறிப்பாக, வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு அது மிகவும் தேவை. ஆயினும், அது முழுமையான கட்டணத்தைக் காட்டினால்தான் பயன் தரும். அரைகுறையான கட்டணத்தைக் காட்டும் செயலி, எதையும் காட்டாத செயலியைவிடத் தீங்கானது.

முதலாவதாக, கட்டணம் தெரியாமையால் விளையும் தீமையைக் காண வேண்டும். கட்டணம் அதிகம் என்று அறிந்தவர் மாற்று வழியைத் தேடுவார், கடன் கேட்பார், அரசாங்க மருத்துவமனைக்குச் செல்வார். கட்டணமே தெரியாதவரோ வீட்டிலேயே இருந்துவிடுகிறார். ‘இன்னும் இரண்டு நாள் பார்ப்போம்’ என்று தைலம் தடவிக்கொள்கிறார். சில நோய்கள் அந்த இரண்டு நாள்களுக்காகக் காத்திருப்பதில்லை. 2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியப் பெரியவர்களுள் ஏறத்தாழ ஆறில் ஒருவருக்கு நீரிழிவு நோய் உள்ளது. அவர்களுள் ஐவரில் இருவர், தமக்கு அந்நோய் இருப்பதையே அறியாதவர்கள். நம் நாட்டு இந்தியரிடையே இந்நோயின் விகிதம் மற்ற இனத்தவரைவிட அதிகம். காலில் ஏற்பட்ட சிறு புண்ணைக் கவனிக்காமல் விட்டு, பின்னர்க் காலையே இழக்க நேர்ந்தால், தொடக்கத்தில் சேமித்த பணத்துக்கு என்ன மதிப்பு?

மருத்துவ வசதியைத் தேடிக் காட்டும் கருவி இங்கேதான் முதற்பயனைத் தரும். பலருக்குக் கட்டணமில்லாத சேவைகள் இருப்பதே தெரிவதில்லை. 2019ஆம் ஆண்டில் தொடங்கிய ‘பெக்கா பி40’ திட்டம், அரசாங்கத்தின் ரொக்க உதவி பெறும் பி40 பிரிவினருள் 40 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு இலவச உடற்பரிசோதனையை வழங்குகிறது. திட்டத்தில் பதிந்துகொண்ட தனியார் கிளினிக்குகளிலும் இப்பரிசோதனையைச் செய்துகொள்ளலாம். அத்தகைய கிளினிக்குகளை மாநில, மாவட்ட வாரியாக இணையத்தில் தேடவும் வழியுண்டு. அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் குடிமக்கள் செலுத்துவது 1 ரிங்கிட். நிபுணர் மருத்துவரைக் காண 5 ரிங்கிட். இவற்றையெல்லாம் விட்டுவிட்டுத் தனியார் மருத்துவமனைகளை மட்டும் வரிசைப்படுத்திக் காட்டும் செயலி முழு உண்மையைச் சொல்வதாகாது. ஒப்பீட்டுப் பட்டியலின் முதல் வரியில் அரசாங்க மருத்துவமனையின் கட்டணமும், அங்குக் காத்திருக்க வேண்டிய காலமும் இடம்பெற வேண்டும். பணத்தைச் செலவழிப்பதா, காலத்தைச் செலவழிப்பதா என்பதை நோயாளி அறிந்து முடிவு செய்வதே நியாயம்.

இரண்டாவதாக, தனியார் மருத்துவச் செலவு விரைவாக உயர்ந்து வருகிறது. 2024ஆம் ஆண்டில் நம் நாட்டின் மருத்துவச் செலவு உயர்வு 15 விழுக்காடாக இருந்தது. உலகச் சராசரியோ ஏறக்குறைய 10 விழுக்காடுதான். அவ்வாண்டின் இறுதியில் மருத்துவக் காப்புறுதிச் சந்தா பெருமளவு உயர்ந்தபோது, மக்களின் அதிருப்தி வலுத்தது. எனவே, அந்த உயர்வைக் குறைந்தது மூன்றாண்டுகளுக்குப் பகிர்ந்து விதிக்க வேண்டும் எனப் பேங்க் நெகாரா இடைக்கால ஏற்பாடு ஒன்றை 2024 டிசம்பரில் அறிவித்தது. இதைத் தொடர்ந்து 2025ஆம் ஆண்டில் அரசாங்கம் வகுத்த ‘ரீசெட்’ என்னும் சீர்திருத்தத் திட்டத்தின் ஐந்து கூறுகளுள் ஒன்று, மருத்துவக் கட்டணத்தை வெளிப்படையாக்குதல். ஆக, கட்டணத்தை அறிய விரும்புவது கஞ்சத்தனமன்று; நாட்டின் கொள்கையே அதை நோக்கித்தான் செல்கிறது.

மூன்றாவதாக, கட்டணத்தை அறிவது நோயாளிக்குச் சட்டம் அளித்துள்ள உரிமையாகும். 1998ஆம் ஆண்டின் தனியார் சுகாதார வசதிகள், சேவைகள் சட்டமும் அதன்கீழ் 2006ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட விதிமுறைகளும் தனியார் மருத்துவமனைகளைக் கட்டுப்படுத்துகின்றன. அவற்றின்படி, சிகிச்சை தொடங்கும் முன் உத்தேசக் கட்டணத்தைக் கேட்டறியவும், இனவாரியான கட்டணச் சீட்டைக் கேட்டுப் பெறவும் நோயாளிக்கு உரிமை உண்டு. ஆனால், கேட்பவருக்கே அந்த உரிமை பயன்படும். வெள்ளை அங்கி அணிந்தவரிடம் பணத்தைப் பற்றிப் பேசுவது மரியாதைக் குறைவு என்று நம் முதியோர் பலர் கருதுகின்றனர். அதனால் சட்டத்தில் உள்ள உரிமை ஏட்டுச் சுரைக்காயாகவே நின்றுவிடுகிறது.

அதே விதிமுறைகளில் அடங்கியுள்ள மற்றொரு செய்தியும் கவனத்துக்குரியது. தனியார் மருத்துவமனையில் மருத்துவர் பெறும் தொழில்முறைக் கட்டணத்துக்கு உச்சவரம்பு உண்டு. அறை வாடகை, அறுவைக் கூடக் கட்டணம், பஞ்சு, கையுறை போன்ற பயன்பொருள்கள், மருந்து ஆகியவற்றுக்கு மருத்துவமனை விதிக்கும் தொகைக்கு அத்தகைய வரம்பு இல்லை. எனவே, மருத்துவரின் கட்டணத்தை மட்டும் ஒப்பிடுபவர் இரண்டு மருத்துவமனைகளுக்கிடையே பெரிய வேறுபாட்டைக் காணமாட்டார். வேறுபாடு ஒளிந்திருப்பது மற்ற வரிகளில்தான்.

கண்புரை அறுவைச் சிகிச்சையை எடுத்துக்கொள்வோம். ஒரு செயலியில் முதல் மருத்துவமனை 3,500 ரிங்கிட் என்றும், இரண்டாவது மருத்துவமனை 5,000 ரிங்கிட் என்றும் காட்டுவதாகக் கற்பனை செய்துகொள்ளலாம். பார்த்தவுடன் முதலாவதே மலிவு என்று தோன்றும். முதல் தொகையில் கண்ணுக்குள் பொருத்தும் வில்லையின் விலை சேர்க்கப்படவில்லை. அறுவைக்கு முந்திய பரிசோதனையும் பிந்திய சொட்டு மருந்தும் மறுபரிசோதனையும் சேர்க்கப்படவில்லை. இரண்டாவது தொகையிலோ இவை அனைத்தும் அடங்கியுள்ளன. அப்படியானால், மலிவு என்று நம்பிச் சென்றவர், இறுதியில் மற்றவரைவிட அதிகமாகச் செலுத்த நேரலாம். ஆகவே, செயலி காட்ட வேண்டியது தொடக்க விலையை அன்று. நோயாளி வீடு திரும்பும்வரை ஆகும் மொத்தச் செலவை. சுவாவிலிருந்து செல்லும் குடும்பத்துக்குப் பயணச் செலவும், உடன் செல்பவர் இழக்கும் ஒருநாள் கூலியும் அந்தக் கணக்கில் சேரும்.

மொத்தச் செலவைக் காட்டுவது இயலாத செயலன்று. அண்டை நாடான சிங்கப்பூரின் சுகாதார அமைச்சு, மருத்துவமனைகளில் நோயாளிகள் உண்மையில் செலுத்திய தொகைகளைத் தொகுத்துப் பல்லாண்டுகளாக வெளியிட்டு வருகிறது. 2018ஆம் ஆண்டில், 222 அறுவைச் சிகிச்சைகளுக்குத் தனியார் மருத்துவர் பெறும் கட்டணம் எந்த அளவுக்குள் இருப்பது நியாயம் என்பதையும் அது வெளியிட்டது. மருத்துவமனை விளம்பரப்படுத்தும் விலைக்கும், நோயாளிகள் செலுத்திய தொகைக்கும் வேறுபாடு உண்டு. மக்களுக்குப் பயன்படுவது பின்னதே. நம் நாட்டில் உருவாகும் கருவியும் அவ்வாறே அமைய வேண்டும்.

இக்கருத்தை மறுப்போரும் உளர். மருத்துவம் சந்தைப் பொருளன்று என்பது மருத்துவர்கள் முன்வைக்கும் முதன்மையான வாதம். மருந்துகளின் விலையைக் கிளினிக்குகளில் காட்சிக்கு வைக்க வேண்டும் என்னும் ஆணை 2025 மே 1ஆம் நாள் நடப்புக்கு வந்தபோது, மருத்துவர்கள் பலர் புத்ராஜெயாவில் திரண்டு தங்கள் எதிர்ப்பைத் தெரிவித்தனர். கடைகளுக்காக இயற்றப்பட்ட விலைக்கட்டுப்பாட்டுச் சட்டத்தைக் கிளினிக்குகளின்மீது சுமத்தலாகாது என்பது அவர்களின் நிலைப்பாடு. தங்கள் ஆலோசனைக் கட்டணம் பல்லாண்டுகளாக உயர்த்தப்படாததையும் அவர்கள் சுட்டிக் காட்டினர். ஒரே நோய்க்குச் சிகிச்சை பெறும் இருவரின் உடல்நிலை ஒன்றாக இருப்பதில்லை; ஒருவருக்கு எளிதில் முடியும் அறுவை, இன்னொருவருக்குச் சிக்கலாகலாம். அவ்வாறிருக்க, முன்கூட்டியே ஒரே விலையைச் சொல்வது எப்படி என்றும் அவர்கள் வினவுகின்றனர்.

இவ்வாதத்தில் உண்மை உண்டு. சிக்கல் ஏற்பட்டால் செலவு கூடும் என்பதை யாரும் மறுக்க முடியாது. ஆனால், ஒரே விலையைச் சொல்ல இயலாது என்பதனால் எந்த விலையையும் சொல்லத் தேவையில்லை என்று ஆகிவிடாது. ‘வழக்கமாக இவ்வளவு ஆகும், சிக்கல் ஏற்பட்டால் இவ்வளவுவரை போகலாம்’ என்று சொல்வது இயலும். வீடு கட்டித் தருபவரும் கார் பழுதுபார்ப்பவரும் சொல்லக்கூடிய ஒன்றை, கணக்குப் பிரிவும் கணினியும் உடைய மருத்துவமனை சொல்ல முடியாதா? கட்டணத்தை வெளிப்படையாகச் சொல்வதால் மருத்துவரின் மதிப்பு குறையாது. மாறாக, நோயாளியின் நம்பிக்கை கூடும். குறைந்த கட்டணத்தில் நேர்மையாகச் சேவையாற்றும் சிற்றூர்க் கிளினிக் மருத்துவருக்கு அது நன்மையே செய்யும்.

இத்தகைய கருவிகளை மக்கள் பயன்படுத்துவதே இல்லை என்பது இரண்டாவது மறுப்பு. இதற்கும் சான்று உண்டு. அமெரிக்காவின் இரு பெரிய நிறுவனங்களில், ஊழியர்களுக்கு மருத்துவக் கட்டணங்களை ஒப்பிடும் கருவி வழங்கப்பட்டது. முதல் ஓராண்டில் ஏறத்தாழ 10 விழுக்காட்டினரே அதைப் பயன்படுத்தினர் என்றும், மருத்துவச் செலவும் அதனால் குறையவில்லை என்றும் 2016ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வு ஒன்று காட்டியது. ஆனால், அவ்வூழியர்களுக்குக் காப்புறுதி இருந்தது. செலவில் பெரும்பகுதியை வேறொருவர் செலுத்தினார். காப்புறுதி இன்றி, ஊழியர் சேமநிதியில் எஞ்சியிருக்கும் பணத்தையும் பிள்ளைகள் அனுப்பும் பணத்தையும் நம்பியிருக்கும் ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளியின் நிலை வேறு. அவருக்கு ஒவ்வொரு ரிங்கிட்டும் தம் கையிலிருந்தே போகிறது. எனினும், அந்த ஆய்வு ஓர் உண்மையை உணர்த்துகிறது. கருவியை உருவாக்கிவிட்டால் மட்டும் போதாது. அதைப் பயன்படுத்தும் பழக்கத்தையும் உருவாக்க வேண்டும்.

பயன்படுத்தும்போது கவனிக்க வேண்டியவை சில உள. அவசர வேளையில் கட்டணத்தை ஒப்பிடுவது கூடாது. நெஞ்சுவலி, பக்கவாதம், விபத்து போன்ற நிலைகளில் 999 எண்ணை அழைப்பதும் அருகிலுள்ள மருத்துவமனைக்கு விரைவதுமே அறிவுடைமை. ஒப்பீடு என்பது கண்புரை, குடலிறக்கம், முழங்கால் அறுவை, ஊடுகதிர்ப் படம், இரத்தப் பரிசோதனை போன்று முன்கூட்டியே திட்டமிடக்கூடியவற்றுக்கு மட்டுமே உரியது.

அடுத்து, மலிவானதெல்லாம் நல்லதன்று. விலை உயர்ந்ததெல்லாம் தரமானதும் அன்று. ‘மின்னுவதெல்லாம் பொன்னல்ல’ என்பது மருத்துவமனைக்கும் பொருந்தும். சிகிச்சை அளிப்பவர் பதிவு பெற்ற மருத்துவர்தானா என்பதை மலேசிய மருத்துவ மன்றத்தின் அகப்பக்கத்தில் தேடி அறியலாம். அவர் அத்துறையின் நிபுணரா என்பதைத் தேசிய நிபுணர் பதிவேட்டில் காணலாம். இவ்விரண்டையும் சரிபார்க்கச் சில நிமிடங்களே ஆகும். செயலியில் பிறர் வழங்கும் நட்சத்திரக் குறிகளைவிட இப்பதிவேடுகள் நம்பத்தக்கவை. மேலும், பட்டியலில் முதலிடத்தில் தோன்றும் பெயர், அந்த இடத்தைப் பணம் கொடுத்துப் பெற்றதாகவும் இருக்கலாம். விளம்பரத்தை விளம்பரம் என்று குறிப்பிடாத செயலி நம்பிக்கைக்கு உரியதன்று. நோய் விவரம், அடையாள அட்டை எண் போன்றவற்றைத் தேவையின்றிக் கேட்கும் செயலியிடமிருந்தும் விலகி நிற்பதே நல்லது.

மொழியும் ஒரு தடையாக உள்ளது. மருத்துவம் சார்ந்த செயலிகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலும் மலாயிலுமே இயங்குகின்றன. தமிழ் மட்டுமே வாசிக்கத் தெரிந்த பாட்டிக்கும், திறன்பேசியில் அழைப்பை எடுக்க மட்டுமே தெரிந்த தாத்தாவுக்கும் அவை எட்டாக்கனி. யாருக்கு இக்கருவி மிகவும் தேவையோ, அவருக்கே அது கைக்கெட்டாமல் போகிறது. தமிழிலும் சீனத்திலும் இத்தகவல்களை வழங்குவது அமைச்சுக்குப் பெருஞ்சுமையாக இராது. அதுவரை, அந்த இடைவெளியை நிரப்பக்கூடியவர்கள் வீட்டிலுள்ள இளையோரே.

திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரத்தில், மருத்துவம் நான்கு பேர்க்கூட்டாக விளங்குவதை வள்ளுவர் எடுத்துரைக்கிறார். நோயாளி, மருத்துவர், மருந்து ஆகியவற்றோடு, உடனிருந்து உதவுபவரையும் அவர் சேர்த்துள்ளார். இக்காலத்தில் உடனிருந்து உதவுவது என்பது கஞ்சி காய்ச்சிக் கொடுப்பதோடு முடிவதில்லை. இலவசப் பரிசோதனை எந்தக் கிளினிக்கில் உள்ளது என்று தேடித் தருவதும், படிவத்தை வாசித்துப் பொருள் கூறுவதும், மருத்துவமனை முகப்பில் உரிய கேள்விகளைக் கேட்பதும் அவ்வுதவியின் பகுதிகளே. ‘இந்தத் தொகையில் எவையெல்லாம் அடங்கும்? எவை அடங்கா? சிக்கல் ஏற்பட்டால் எவ்வளவு கூடும்? முன்பணம் எவ்வளவு? இதே சிகிச்சை அரசாங்க மருத்துவமனையில் கிடைக்குமா?’ என்னும் ஐந்து கேள்விகளையும் ஒரு மாணவர் பணிவோடு கேட்கலாம். நோய் என்ன என்பதைக் கண்டறிவதும் எந்தச் சிகிச்சை தேவை என்று முடிவு செய்வதும் மருத்துவரின் பணி. அதில் செயலியோ மாணவரோ தலையிடலாகாது.

ஆக, இதில் மூன்று தரப்பினருக்கும் கடமை உண்டு. மருத்துவமனைகள், கேட்கும் முன்பே மொத்தக் கட்டணத்தைத் தெரிவிக்க வேண்டும். அரசாங்கம், மக்கள் உண்மையில் செலுத்திய தொகைகளைத் திரட்டி, அரசாங்க மருத்துவமனைகளையும் உள்ளடக்கிய பொதுவான ஒப்பீட்டுத் தளத்தைப் பல மொழிகளில் அமைக்க வேண்டும். குடும்பத்தினர், கட்டணம் கேட்பதை வெட்கத்துக்குரியதாகக் கருதாமல் அதை இயல்பான வழக்கமாக்க வேண்டும். தோட்டத்துச் சிறு மருத்துவமனையின் காலம் முடிந்துவிட்டது. ஆனால், பணத்துக்கு அஞ்சாமல் மருத்துவரை நாடும் மனநிலை, தொழிலாளர் குடும்பங்களுக்கு மீண்டும் கிடைக்க வேண்டும். கட்டணம் முழுமையாகத் தெரிந்தால், நோய் முற்றும் முன்பே அவர்கள் மருத்துவரைத் தேடிச் செல்வார்கள்.